இலங்கை மலையகத்து அருவிகள்: அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல எந்த மாதம், எந்தப் பக்கம்?

வடசேரி வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் வசிக்கிறேன். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் ஐந்து நாட்கள் இலங்கைக்குச் சென்று அங்குள்ள அருவிகளைப் பார்த்து வரலாம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 70 வயதான என் அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கைப்பிடி இருந்தால் படிகளில் மெதுவாக ஏறி இறங்குவார். ஆனால் அருவி என்று சொல்லிவிட்டால் வலியெல்லாம் மறந்துபோகும். திற்பரப்பில் ஒருமுறை தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்தவரை வெளியே அழைத்து வருவதற்குள் நாங்கள் கொண்டுபோன புளிச்சோறு ஆறிப்போய்விட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்கிறார்கள். வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது என்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அங்கே போனதில்லை.

இணையத்தில் தேடித் தேடி ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். பம்பரகந்தை, தியலும, துன்ஹிந்த, இராவணா எல்ல, செயின்ட் கிளேயர், டெவன், இறம்பொடை, லக்சபான, ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் அருவி, இரத்தினபுரிப் பக்கத்துப் போபத் எல்ல என மொத்தம் பத்து அருவிகள். இந்தப் பத்தையும் ஐந்து நாட்களில் பார்த்துவிட முடியுமா? மே மாதத்தில் அவற்றில் தண்ணீர் இருக்குமா? திற்பரப்பு, குற்றாலம் போல அங்கே நின்று குளிக்க முடியுமா? அம்மாவைக் கருதினால் இவற்றில் எவற்றை விட்டுவிட வேண்டும்? நேரில் சென்று வந்தவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

தக்கலை ஓய்வாசிரியர் எழுதுகிறார்:

வாசகன் அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவன் என்பதால், உங்கள் நான்கு கேள்விகளில் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்வி தானாகவே விழுந்துவிடும்.

இலங்கையின் மலைகள் தீவின் நடுவில், சற்றுத் தெற்கே தள்ளி, ஒரே திரளாக எழுந்து நிற்கின்றன. மிக உயரமான பிதுருதலாகலை 2,524 மீட்டர். இந்தத் திரளின் மேற்குச் சரிவுக்கு மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கிடைக்கிறது. பதுளை, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்கள் இருக்கும் கிழக்குச் சரிவான ஊவாவுக்கு அக்டோபரில் தொடங்கும் மழையும் அதைத் தொடர்ந்து வரும் வடகிழக்குப் பருவமழையுமே பெருமழை. ஆகவே ஒரு பக்கத்து அருவி முழங்கும்போது மறுபக்கத்து அருவி பாறையில் நூல் போலத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நாம் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் குலசேகரத்தில் குடையில்லாமல் நடக்க முடியாது. அதே நாளில் ஆரல்வாய்மொழியில் மழை பெயருக்குத்தான் இருக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். மலையைக் கடக்கும் முன்பே காற்று தன் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது; கடந்த பிறகு வறண்டு வீசுகிறது. ஊவாவைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் அந்த வறண்ட காற்றை அங்குள்ள தமிழர்கள் கச்சான் என்கிறார்கள். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நம் கடற்கரையிலும் வழங்கிய பெயர்தான் அது. பாறையும் அப்படியே. நம் மலைகளில் இருக்கும் சார்னோகைட்டும் கோண்டலைட்டும் அங்கும் இருக்கின்றன; இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை.

உங்கள் பட்டியலை இப்படிப் பிரித்துப் பாருங்கள். செயின்ட் கிளேயர், டெவன், லக்சபான, போபத் எல்ல ஆகியவை மேற்குப் பக்கத்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவற்றின் காலம். துன்ஹிந்த, இராவணா எல்ல, தியலும ஆகிய மூன்றும் ஊவாவைச் சேர்ந்தவை. அக்டோபர் முதல் ஜனவரி வரை அவை நிறைந்து விழும். பம்பரகந்தை தெற்கே இறங்கும் சரிவில் இருக்கிறது. மழையற்ற மாதங்களில் அது மெலிந்துவிடுவதால், இலங்கையின் மிக உயரமான அருவியைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசையோடு போனவர்கள் ஈரமான பாறையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுண்டு.

மே மாதத்தின் முதல் பாதி இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட காலம். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் இடியோடு பெய்யும் மழையின் மிச்சம் ஊவா அருவிகளில் ஓரளவு இருக்கும். மேற்குப் பக்கம் இன்னும் பெருகத் தொடங்கியிருக்காது. மே இறுதியில் போனால் மேற்கே மழைக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் டிசம்பர் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊவா அப்போது நிறைந்திருக்கும். மேற்கிலும் அக்டோபர், நவம்பர் மழையின் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அது வெளிநாட்டுப் பயணிகள் குவியும் காலம் என்பதால் தங்கும் இடங்களின் வாடகை ஏறியிருக்கும்.

உயரங்களையும் சொல்லிவிடுகிறேன். பம்பரகந்தை 263 மீட்டர், அதாவது 863 அடி. கன்னியாகுமரியில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முறை அடுக்கினாலும் அதன் தலையை எட்டாது. தியலும 220 மீட்டர், டெவன் 97, செயின்ட் கிளேயர் 80, துன்ஹிந்த 64. நம் திற்பரப்பு ஏறக்குறைய 50 அடிதான். அந்த 50 அடிதான் அதைக் குளிக்கத் தகுந்த அருவியாக வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 700 அடியிலிருந்து விழும் தண்ணீருக்கடியில் யாரும் தலையைக் கொடுக்க முடியாது. இலங்கையின் பெரிய அருவிகள் பெரும்பாலும் நின்று பார்ப்பதற்கானவை. குளியலை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். உங்கள் அம்மாவிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கீரிப்பாறைத் தோட்டத்துப் பெண் எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயா சொன்ன மழைக்கணக்கு சரியானது. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவோடு போய் வந்ததைச் சொல்கிறேன்; வாசகன் அண்ணனின் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதால் பயன்படலாம்.

என் அம்மா பிறந்தது தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில். 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்து, கடைசியில் கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கொழுந்து பறித்துப் பழகிய கைகள் இங்கே பால் வெட்டப் பழகின. காளிகேசத்து ஆற்றுக்குப் போகும்போதெல்லாம், "இதெல்லாம் ஒரு அருவியா, எங்கள் ஊரில் மலையே தண்ணீராக இறங்கும்" என்று அம்மா சொல்வதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். அந்த மலையே தண்ணீராக இறங்கும் இடத்தை அவரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் பயணம்.

கண்டியிலிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஏறினோம். அட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகலை நிலையம் கடந்து சிறிது நேரத்தில் பள்ளத்தாக்கின் மறுகரையில் செயின்ட் கிளேயர் தெரிந்தது. அகன்ற பாறைப்படிகள், அவற்றின் நடுவே வெள்ளையாக ஒரு நீர்ப்பட்டை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் செல்பேசியை எடுத்தார்கள். அம்மா மட்டும், "இது அது இல்லை" என்றார்.

அது அதுதான். கொத்மலை ஓயாவின் நீரைத் தலவாக்கலையில் அணைகட்டித் தடுத்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகக் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவாட் திறனுள்ள நிலையம் அது. அருவி அடியோடு வற்றிவிடக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பின் காரணமாகப் பகல் நேரத்தில் அதற்கென்று தண்ணீர் விடும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே அதை முன்பு பார்க்காதவர்களுக்கு இப்போதும் அழகாகவே இருக்கும். என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அப்படி இராது. இதில் அங்குள்ளவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச்சிப்பாறை அணையில் மதகைத் திறப்பதையும் மூடுவதையும் பொறுத்துத்தானே நம் திற்பரப்பிலும் தண்ணீர் கூடுவதும் குறைவதும் நடக்கிறது!

டெவன் அருவிக்கு அந்தக் குறை இல்லை. அட்டன் – நுவரெலியா சாலையோரத்தில் நின்றே எதிர்மலையில் அதை முழுவதுமாகப் பார்க்கலாம். ஒரு படிகூட இறங்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருந்த டெவன் என்ற ஆங்கிலேயரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பின்னர் காப்பிச் செடிகளை நோய் தாக்கி அழிக்க, அங்கெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்காக எங்கள் முன்னோர் மேன்மேலும் வந்தார்கள். துரையின் பெயர் அருவிக்கு இருக்கிறது, அந்தச் சரிவில் காடு வெட்டியவர்களின் பெயர் ஒரு வாய்க்காலுக்குக்கூட இல்லை என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு எதிரே இருந்த கடையில் தேநீர் வாங்கிக் குடித்து, சாயம் பத்தாது என்று கடைக்காரப் பெண்ணிடம் குறையும் சொன்னார். அந்தப் பெண்ணும் தமிழ்தான். பிறகு இருவரும் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளை எங்கும் தமிழிலேயே வழி கேட்டுப் போகலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சிங்களத்தில் எல்ல என்றால் அருவி, ஓயா என்றால் சிற்றாறு. அங்குள்ள தமிழர்கள் நீர்வீழ்ச்சி என்றே சொல்கிறார்கள். நான் அருவி, அருவி என்று கேட்டபோது ஒரு ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் இந்தியாவா?" என்றார்.

குழித்துறைக்காரன் எழுதுகிறார்:

குளிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான்.

இராவணா எல்ல என்பது எல்ல ஊரிலிருந்து வெல்லவாய செல்லும் சாலையில், ஆறு கிலோமீட்டர் அளவில், சாலையை ஒட்டியே விழும் அருவி. உயரம் 25 மீட்டர்தான் என்பதாலும், பேருந்தை விட்டு இறங்கியதும் கண்முன் நிற்பதாலும், திற்பரப்பில் வளர்ந்த எனக்கு அதைப் பார்த்த உடனேயே பழகிய இடம் போலத் தோன்றிவிட்டது. எச்சரிக்கைப் பலகை மூன்று மொழிகளில் இருந்தது, தமிழிலும் இருந்தது, படிக்கவும் செய்தேன். நம்மை விடவா இவர்களுக்குப் பாறை தெரியும் என்ற நினைப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கடி எடுத்து வைத்தேன். ஐந்தாவது அடியில் வழுக்கி, இரண்டு பாறைகளுக்கிடையே கால் சிக்கிக் கணுக்கால் பிசகியது. கைகொடுத்துத் தூக்கியவர்கள் அங்கே மக்காச்சோளம் விற்றுக்கொண்டிருந்த பையன்கள். மீதமிருந்த மூன்று நாட்களையும் விடுதி அறையின் சாளரத்தருகே உட்கார்ந்து கழித்தேன்.

பிறகு யோசித்தபோதுதான் வேறுபாடு விளங்கியது. திற்பரப்பில் நாம் நிற்கும் இடத்தில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் நின்று பாறை தேய்ந்திருக்கிறது; பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது; வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள். அங்கே மேலே மலையில் பெய்யும் மழை நமக்குத் தெரிவதில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நிறம் மாறிக் கலங்கி இறங்கும். அந்த அருவியில் உயிரிழந்தவர்கள் பலர் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள்.

தியலும உச்சியில் இருக்கும் பாறைக் குளங்களின் படங்களை உங்கள் 13 வயதுப் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும். குளங்கள் உண்மையிலேயே அழகானவை, கோடைக்காலத்தில் தண்ணீர் தெளிந்து அசையாமல் நிற்கும், நீந்துகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குளங்களை அடுத்து 220 மீட்டர் செங்குத்தான பள்ளம் இருக்கிறது, இடையில் வேலி இல்லை. புல்மேட்டில் ஏறி இறங்கி நடக்க வேண்டிய பாதை என்பதால் உங்கள் அம்மாவுக்கு அது ஒத்துவராது. தியலுமவின் அடிவாரம் கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையே நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

வடசேரி வாசகன்:

மூவருக்கும் நன்றி. டிசம்பருக்குத் தள்ளிவைக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பத்து அருவிகள் என்ற பட்டியலையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் ஊவா, தலவாக்கலை என்ற இரண்டு பக்கத்தையும் ஐந்து நாட்களுக்குள் எப்படி இணைப்பது என்பதும், டிசம்பரில் மண்சரிவு பயம் உண்டா என்பதும் தெளிவாகவில்லை. கணுக்கால் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பையனுக்கு இப்போது சரியாகிவிட்டதா என்று கேள்" என்றார்.

குழித்துறைக்காரன்:

சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் நினைவூட்டுகிறது. எனக்கு 52 வயது ஆகிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஆரல் கணவாய் எழுதுகிறார்:

பயணிகளை அழைத்துச் செல்லும் தொழிலில் இருப்பவன் என்பதால் வழியைப் பற்றி நான் சொல்கிறேன்.

இலங்கையின் மலைச்சாலைகளைக் கிலோமீட்டரில் கணக்கிடக் கூடாது, மணியில் கணக்கிட வேண்டும். கொழும்பிலிருந்து எல்ல வரை 200 கிலோமீட்டர்தான் என்று வரைபடம் சொல்லும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. பேச்சிப்பாறையிலிருந்து மேல் கோதையாறு வரை பேருந்தில் போயிருந்தால் அந்த வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து முதல் நாள் கண்டி வரை மட்டும் போய்த் தங்குங்கள். இரண்டாம் நாள் வாகனத்தில் இறம்பொடை வழியாக நுவரெலியா. இறம்பொடை அருவி 109 மீட்டர். நெடுஞ்சாலைப் பாலத்தில் நின்றே ஒரு பகுதியைப் பார்க்கலாம், இறங்கி நடக்க வேண்டியதில்லை. அருகே மலைமேல் ஓர் அனுமன் கோயில் இருக்கிறது. சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் போகும் வழியில் சிந்திய துண்டுதான் நம் மருந்துவாழ்மலை என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தக் கதையின் மறுமுனையைப் பார்ப்பது பிடிக்கும். மாலையில் சீதா எலியக் கோயிலையும் பார்த்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலையில் நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வரை போய் டெவன், செயின்ட் கிளேயர் இரண்டையும் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு, நானுஓயா நிலையத்துக்குத் திரும்பி எல்ல செல்லும் ரயிலைப் பிடியுங்கள். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் டிசம்பரில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். அம்மா இருப்பதால் இதில் அசட்டை வேண்டாம். நான்காம் நாள் இராவணா எல்ல, அதன் பிறகு தியலும அடிவாரம். துன்ஹிந்தவுக்குப் பதுளையிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான் என்றாலும், வாகனத்தை விட்டு இறங்கிய பின் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஏற்ற இறக்கமான பாதையில் நடந்தாக வேண்டும். பிள்ளைகளோடு நீங்கள் போய் வரலாம், அம்மாவும் உங்கள் மனைவியும் எல்லயில் ஓய்வெடுக்கலாம். புகை போல எழும் சாரலுக்குப் பெயர்பெற்ற அருவி அது; அங்கே நனைவதே குளித்த மாதிரிதான்.

ஐந்தாம் நாள் திரும்பும் வழி ஹப்புத்தளை, ஹல்தும்முல்லை, இரத்தினபுரி. கலுபஹன என்ற இடத்தில் பிரியும் குறுகிய சாலையில் நான்கைந்து கிலோமீட்டர் சென்றால் பம்பரகந்தை. விமானம் இரவில் இருந்தால் மட்டும் அதற்குத் திரும்புங்கள். பிற்பகல் விமானமாக இருந்தால் விட்டுவிடுங்கள். லக்சபான, பேக்கர், போபத் எல்ல மூன்றையும் இந்தப் பயணத்தில் நினைக்கவே வேண்டாம். பேக்கர் அருவிக்கு ஹோட்டன் சமவெளியில் ஒன்பது கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடக்க வேண்டும் என்பதே போதுமான காரணம்.

மண்சரிவு பயம் உண்மையானது. நீங்கள் தியலுமவுக்குப் போகும் கொஸ்லந்தைப் பகுதியில்தான் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் 2014 அக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் புதைந்தன. ஊவாவின் அருவிகளை நிறைக்கும் அதே மழைதான் அந்தச் சரிவுகளையும் நெகிழ்த்துகிறது. இலங்கையின் தேசியக் கட்டட ஆராய்ச்சி அமைப்பு மாவட்டவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. தினமும் காலையில் புறப்படும் முன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் விடுதியிலேயே இருந்துவிடுங்கள். தொடர்ந்து மழை பெய்தால் ரயிலையும் நிறுத்திவிடுவார்கள், ஆகவே ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பயண அனுமதிக்கான விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் இலங்கை அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தை மட்டும் நம்புங்கள். அதே பெயரில் உலவும் போலித் தளங்களில் பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

தக்கலை ஓய்வாசிரியர்:

கணவாய் அவர்கள் சொன்ன வழியில் ஒரே ஒரு திருத்தம். ஊவாப் பக்கம் டிசம்பரில் பிற்பகலுக்கு மேல் மேகம் இறங்கி மலையை மூடிவிடுவது வழக்கம் என்பதால், நான்காம் நாளில் தியலுமவை முதலில் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது இராவணா எல்லவில் நில்லுங்கள். 25 மீட்டர் அருவி மேகத்திலும் தெரியும். 220 மீட்டர் அருவியின் தலை தெரியாது.

வடசேரி வாசகன்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆறு நாட்களாக மாற்றிவிட்டோம். துன்ஹிந்தப் பாதையில் அட்டை இருக்குமா என்று என் மகள் கேட்கிறாள். அவள் அருவிக்குப் பயப்படவில்லை, அட்டைக்குப் பயப்படுகிறாள்.

கீரிப்பாறைத் தோட்டத்துப் பெண்:

மழை பெய்திருந்தால் இருக்கும். முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் சோப்பைக் காய்ந்தபடியே தேய்த்துவிடச் சொல்லுங்கள். ரப்பர் தோட்டத்தில் மழைக்காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கொஞ்சம் உப்பை ஒரு துணியில் முடிந்து கையில் வைத்திருந்தால், ஏறிய அட்டையை அதனால் தொட்ட உடனே உதிர்ந்துவிடும். இழுத்துப் பிய்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், பிய்த்தால் இரத்தம் நிற்க நேரமாகும். தலவாக்கலையில் இறங்கும்போது டெவனுக்கு எதிரே உள்ள கடையில் அம்மாவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள். சாயம் கூடுதலாக என்று கேட்டு வாங்குங்கள்.